என் கணவரின் பப்பில் நான் ஒரு நோயாளி

என் கணவரின் பப்புக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்த சனிக்கிழமை, அங்கே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

மிகைப்படுத்தவில்லை. ஜன்னலோரக் கிழவர் தொப்பியைக் கழற்றினார். குதிரைப் பந்தயப் பக்கத்தில் மூழ்கியிருந்தவர் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெரிய உடம்புக்காரி ஈரக் கையைத் துவாயில் துடைத்தபடி ஓடிவந்து என்னை இறுக்கி அணைத்தாள். அவள் பெயர் மோரீன். அந்தப் பப்பை நடத்துபவள். அவள்மேல் பியரும் லவெண்டர் சோப்பும் சேர்ந்து மணத்தன.

"வசந்தி! நடந்தே வந்துவிட்டாயே, கண்ணே!" என்றாள். அவள் பேசியது ஆங்கிலம். நான் என் தமிழில் தருகிறேன்.

யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். யாரோ முதுகுக்கு ஒரு குஷனைச் செருகினார்கள். கம்பளத்தில் நீட்டி நிமிர்ந்து கிடந்த ஒரு கிழட்டு நாய்கூட எழுந்து எனக்கு வழிவிட்டது.

நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். யோகன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூரையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. பழைய சிகரெட் புகை ஏறிய மஞ்சள் நிறம் மட்டும்தான்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கார் பார்க் மாநாடு

லண்டன் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் பெண்கள் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்போம். ஆண்கள் காரைப் பார்க்கப் போவார்கள். கார் அங்கேதான் நிற்கும், அது எங்கும் ஓடாது. ஆனாலும் ஒவ்வொரு வெள்ளியும் அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

எங்கள் காரைப் பார்ப்பவர்கள் மூன்று பேர். முதலாமவர் என் கணவர் யோகன். விமான நிலையச் சரக்குப் பிரிவில் காலம் முழுக்க வேலை செய்து, இப்போது ஓய்வு பெற்றவர். இரண்டாமவர் சபேசன் அண்ணை. கணக்காளர், விம்பிள்டன்வாசி, கோட் போடாமல் குப்பைகூட வெளியே வைக்காதவர். மூன்றாமவர் குணம் அண்ணை. ஜெர்மனியில் நீண்ட காலம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக லண்டனுக்கு மாறி, சவுத்தால் பக்கம் டயர் கடை வைத்திருப்பவர். மூவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அந்த வாங்கை விட்டு இன்னும் எழும்பவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நெற்றியில் விபூதி காயுமுன் அவர்கள் பேசத் தொடங்குவது பப் பற்றித்தான். பிரசாதத்தோடு காருக்கு வரும் என் காதிலும் அது விழும். எவனுடைய பப் நல்ல பப்?

வீட்டில் அந்தச் சொல் வராது. யோகன் போவது "லைப்ரரி". சபேசன் அண்ணை போவது "மீட்டிங்". குணம் அண்ணையின் காருக்குச் சனிக்கிழமை தவறாமல் "சேர்விஸ்". லண்டன் தமிழ் ஆண்களைப் போல வாசிப்பும் பொதுப்பணியும் வாகனப் பராமரிப்பும் உள்ள சமூகம் உலகத்தில் வேறில்லை என்று நாங்கள் பெண்கள் நம்புவதாகப் பாவனை செய்தோம். அந்த வேளைகளில் வீடு அமைதியாக இருக்கும். அதை ஏன் கெடுப்பான்?

"என்ரை இடத்திலை கதவைத் திறந்தவுடனை 'ஹாய் சாப்' எண்டுவாங்கள்," என்பார் சபேசன் அண்ணை. சபேசன் அங்கே சுருங்கிச் சாப் ஆகிவிட்டாராம். "எல்லாம் வக்கீல்மார், டொக்டர்மார். அவையோடை கதைச்சா எங்கடை அறிவும் வளரும்."

"அறிவு வளர ஏன் மச்சான் பியர்?" என்பார் குணம் அண்ணை. "இஞ்சை விக்கிறது பியரே இல்லை, ஆறின தேத்தண்ணி. ஜெர்மனியிலை உதை மாட்டுக்கும் வைக்க மாட்டாங்கள். சவுத்தால்லைதான் கை விறைக்கிற மாதிரித் தருவாங்கள். கடிக்க இறைச்சியும் இருக்கு."

யோகன் அதிகம் பேசமாட்டார். "நாய் படுத்திருக்கிற இடம்தான் நல்ல பப்," என்பார். அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை இது முற்றிவிட்டது. யோகனின் பப்பை, "கிழடுகள் சாகிறதுக்குக் காத்திருக்கிற இடம்" என்று சபேசன் அண்ணை சொல்லிவிட்டார்.

யோகன் கார்ச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். "உன்ரை இடத்திலை உன்னை ஒருத்தனுக்கும் தெரியாதடா," என்றார், குரலை உயர்த்தாமல்.

அதன் பிறகு சபேசன் அண்ணை தன் காரைத் தெருவின் மறு அந்தத்தில் நிறுத்தத் தொடங்கினார். கோவிலுக்குள் கண்ணில் பட்டாலும் இருவரும் அம்மனை மட்டும் பார்த்தார்கள். போரிலும் அகதி முகாமிலும் மூன்று நாட்டு விசா வரிசைகளிலும் அறுபடாத சிநேகம், பியரின் சூட்டில் அறுந்துபோனது. யோகன் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிடமாட்டார். கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கவலை.

குணம் அண்ணைதான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே நாளில் மூன்று பப்புக்கும் எல்லாரும் சேர்ந்து போவது, பார்த்து முடிவு செய்வது. பொலிஸ் பிடிக்காமல் போக ஒரு ட்ரைவர் வேண்டும். மூவரும் ஒரே நேரத்தில், பிரசாதத்தோடு காரடியில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பல வாரங்களுக்குப் பிறகு அவர்கள் மூவரும் உடன்பட்ட முதல் விஷயம் அது.

"ஓட்டுறன்," என்றேன். "ஆனா தீர்ப்பு நான்தான் சொல்லுவன்."

ஹாய் சாப்

முதலில் விம்பிள்டன். சபேசன் அண்ணையின் பப் வெளியே சாம்பல் நிறம், உள்ளே இன்னும் சாம்பல் நிறம். வாசலில் நாய்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம், அதை ஒட்டிக் குழந்தை வண்டிகளின் அணிவகுப்பு. கரும்பலகையில் உருளைக்கிழங்குப் பொரியலின் வாழ்க்கை வரலாறு: எந்தப் பண்ணை, எத்தனை தடவை பொரித்தது, எந்தக் கடலின் உப்பு.

சபேசன் அண்ணை கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கதவு திறந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு பெண்பிள்ளை கையில் டாப்லெட்டுடன் வந்தாள். "புக்கிங் இருக்கிறதா?"

"சாப்," என்றார் இவர், நெஞ்சில் கையை வைத்து.

அவள் டாப்லெட்டில் தேடினாள். "அந்தப் பெயரில் ஒன்றும் இல்லையே."

"புதுப் பிள்ளை," என்று எங்களிடம் தமிழில் சொன்னார். அவர் எப்போதும் இருப்பதாகச் சொன்ன மூலையில் யாருக்கோ ஒதுக்கிய அட்டை நின்றது. நாங்கள் கவுண்டர் ஓரத்தில், கழிவறைக்குப் போகிறவர்களுக்கு இடைஞ்சலாக நின்றோம். சபேசன் அண்ணை ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையசைத்தார். சிலர் மரியாதைக்குத் திருப்பி அசைத்தார்கள். பலருக்கு அவர் தங்களைப் பார்ப்பதே தெரியவில்லை.

அப்போது நல்ல உயரமான ஒரு மனிதர் நேராக இவரை நோக்கி வந்தார். சபேசன் அண்ணையின் முகம் மலர்ந்தது. வந்தவர் கையிலிருந்த வெறும் கிளாஸ்களை இவர் கையில் கொடுத்தார். "நன்றி, நண்பா. அந்த மேசையையும் ஒருக்கால் துடைத்துவிடுகிறாயா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சபேசன் அண்ணை கிளாஸ்களைப் பிடித்தபடி நின்றார். "பாத்தியளே," என்றார். "எவ்வளவு உரிமையோடை பழகுறாங்கள்."

குணம் அண்ணை வாயிலிருந்த பியரைத் தன் சட்டையிலேயே சிந்தினார்.

நான் யோகனைப் பார்த்தேன். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே இத்தனை வெள்ளிக்கிழமைகள் சோற்றைப் பிசைந்தார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. சபேசன் அண்ணையின் கையிலிருந்து கிளாஸ்களை ஒவ்வொன்றாக வாங்கிக் கவுண்டரில் வைத்தார். பிறகு கரும்பலகையை அக்கறையாக வாசிக்கத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் சபேசன் அண்ணையின் காதுகள் சிவந்திருந்தன. "நீங்கள் போங்கோ. நான் இப்பிடியே நடந்து வீட்டை போறன்," என்றார்.

"ஏறுங்கோ அண்ணை," என்றேன். "இன்னும் ரெண்டு பேர் அவமானப்பட இருக்கினம். அதைப் பாக்க வேண்டாமோ?"

அவர் யோசித்தார். ஏறினார்.

இரும்புத் தட்டு

சவுத்தாலில் குணம் அண்ணை சொன்னது எல்லாம் உண்மை. பஞ்சாபிக் குடும்பம் ஒன்று நடத்தும் பப். கதவைத் திறந்ததும் வெங்காயப் புகை கண்ணைக் கரித்தது. சீறும் இரும்புத் தட்டில் ஆட்டு விலா எலும்புகள் வந்துகொண்டேயிருந்தன. கவுண்டரில் நின்றவர், "ஜெர்மன்! வா வா!" என்று கூவினார். பியர் கிளாஸில் வெண்பனி படிந்திருந்தது. குணம் அண்ணை எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு சக்கரவர்த்தி தெரிந்தார்.

எனக்கு மாம்பழ லஸ்ஸி வந்தது. குடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தேன். பாதி மேசைகளில் பெண்கள். தாய்மார், மகள்மார், மருமக்கள், மடியில் குழந்தைகள். எல்லார் விரலிலும் மசாலா.

"குணம் அண்ணை, இஞ்சை பொம்பிளையளும் வருவினமோ?"

"அவை பஞ்சாபியள் தங்கச்சி."

"அப்ப நாங்கள்?"

"நாங்கள் வந்து... கோவில் குளம் எண்டு திரியிற சனம்தானே." எலும்பைக் கடித்தபடி சொன்னார். அவருடைய மனைவி ரதி, "சேர்விஸ்" நாட்களில் முதல்நாள் புட்டைச் சூடாக்கித் தனியே சாப்பிடுவதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். ரதிக்கு ஆட்டு விலா என்றால் உயிர்.

பக்கத்து மேசை அம்மா எங்கள் பக்கம் சாய்ந்தாள். கையில் நிறைய வளையல், முகத்தில் நிறைய அன்பு. "ஜெர்மன் அண்ணா, உங்கள் மனைவி இன்னும் அங்கேயேதானா? பாவம் நீங்கள், தனிச் சமையல். எப்போது கூப்பிடப் போகிறீர்கள்?"

குணம் அண்ணைக்குப் புரை ஏறியது. ரதி லண்டனுக்கு வந்து, இங்கேயே கார் ஓட்டப் பழகி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம்வரை அனுப்பிவிட்டாள். இந்தப் பப்பில் மட்டும் அவளுக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை.

சபேசன் அண்ணை மேசையில் அடித்துச் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். ஆனால் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் என் கணவர். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மனுசியை ஜெர்மனியிலையே விட்டிட்டான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மனிதனுக்கு அடுத்த நிறுத்தம் எதுவென்று தெரியாதா என்ன? பியர் அதை மறைத்துவிட்டது.

தெருவைக் கடந்த காலம்

யோகனின் பப் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பெயர் கிங்ஸ் எல்போ. அரசனின் முழங்கை. எந்த அரசன், முழங்கைக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் இந்தப் பகுதிக்கு வந்த புதிதில், அந்தப் பப் வந்தால் மற்றப் பக்க நடைபாதைக்கு மாறிவிடுவோம். வாசலில் மொட்டைத் தலை இளைஞர்கள் கிளாஸும் கையுமாக நிற்பார்கள். நாங்கள் போகும்போது குரங்குச் சத்தம் போடுவார்கள். ஒரு பந்து விளையாட்டு நாளில் எங்கள் காலடியில் ஒரு கிளாஸ் வந்து உடைந்தது. யோகன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அன்று அவர் கை வியர்த்திருந்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

அந்த இளைஞர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. சிலருக்குச் செயற்கை இடுப்பு. பந்தயப் பக்கம் வாசிப்பவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர்தான் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டவர்.

எனக்கு என்ன வருத்தம்?

இனி அந்தக் குஷனுக்கும் அணைப்புக்கும் வருகிறேன்.

என் வருத்தம், அதாவது எனக்கு என்ன நோய் என்பது, எனக்குச் சிறுகச் சிறுகத் தெரியவந்தது. முதுகெலும்பில் பெரிய சத்திரசிகிச்சையாம். படி ஏற இயலாதாம். மத்தியானத்தில் மருந்து போட்டுத் தூங்குவேனாம். சின்னச் சத்தமும் ஆகாதாம். அதனால்தான் பாவம் யோகன், என் தூக்கத்தைக் கெடுக்காமல் தினமும் இங்கே வந்து ஒரு கிளாஸுடன் காத்திருக்கிறாராம்.

"சமையல், துவையல், கூட்டுவது எல்லாம் அவர்தானாமே," என்றாள் மோரீன், கண் கலங்க. "தங்கமான மனுஷன்."

அந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே முதுகு வலித்தது.

"நாங்கள் அனுப்பிய பூ கிடைத்ததா?" என்றார் தொப்பிக்காரர்.

பூ! போன மாரிக் குளிரில் ஒருநாள் யோகன் பெரிய பூங்கொத்துடன் வீட்டுக்கு வந்தார். லில்லி, ரோசா, பெயர் தெரியாத நீலப் பூக்கள். திருமணமான நாளிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூடத் தானாக வாங்கிவராத மனிதர். நான் உருகிப்போனேன். படம் எடுத்துக் கோவில் பெண்களின் போன் குழுவில் போட்டேன். அன்றிரவு பல வீடுகளில் சண்டை. "யோகன் அண்ணையைப் பாருங்கோ" என்று பல கணவர்கள் திட்டு வாங்கினார்கள். அவர்களிடம் இந்தப் பத்தியின் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று ஆண்களும் என்னையே பார்த்தார்கள். சபேசன் அண்ணையின் முகம் முழுநிலவு. குணம் அண்ணை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். யோகன் இன்னும் கூரையில்தான் இருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் இனி அந்தக் கதவைத் திறக்க முடியாது.

இடுப்பில் கையை வைத்து, மெல்ல, முனகிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தேன்.

"இப்போது பரவாயில்லை," என்றேன் மோரீனிடம். "அவர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்."

எல்லாரும் யோகனின் தோளில் தட்டினார்கள். தட்டத் தட்ட அவர் குறுகிக்கொண்டே போனார்.

காரில் ஏறியதும் சபேசன் அண்ணை பின்னாலிருந்து யோகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "மச்சான், உனக்கு முன்னாலை நானெல்லாம் ஒரு ஆளோடா!" என்றார். யோகன் அவர் கையைத் தட்டிவிடவில்லை. விம்பிள்டன்வரை மூவரும் பள்ளிக்கூடப் பெடியள் மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

"தீர்ப்பு என்ன, தங்கச்சி?" என்றார் குணம் அண்ணை.

"மூண்டு பப்பும் நல்லது," என்றேன். "நீங்கள் மூண்டு பேரும்தான் கூடாது."

கேள்வியும் பதிலும்

வீட்டுக்கு வந்ததும் நான் தேத்தண்ணி போடவில்லை. அவரே போட்டார். இரண்டு கோப்பை. என்னுடையதில் சீனி போட்டிருந்தார். நான் சீனி விட்டுப் பல வருடமாகிறது.

"ஏன் அப்பிடிச் சொன்னனியள்?" என்று கேட்டேன்.

கோப்பையை மேசையில் சுழற்றினார். "வேலை விட்ட முதல் மாரி, ஒவ்வொரு மத்தியானமும் போவன். ஏன் வீட்டிலை இருக்கிறேல்லை எண்டு மோரீன் கேட்டவ. நான் என்னத்தைச் சொல்ல? மனுசி சுகமாத்தான் இருக்கிறா, எனக்குத்தான் அவவோடை கதைக்க ஒண்டுமில்லை எண்டு சொல்லுறதோ?"

முதுகெலும்பை வெட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வீட்டில் பேச்சு குறைந்திருந்தது எனக்கும் தெரியும். ஓய்வு பெற்ற மனிதனுக்குக் களைப்பு என்று அதற்கு நானே ஒரு பெயர் வைத்திருந்தேன். அவர் எனக்கு ஒரு வருத்தம் கொடுத்தார், நான் அவருக்கு ஒன்று கொடுத்திருந்தேன். இருவரும் நோயாளிகளாகச் சுகமே வாழ்ந்துகொண்டிருந்தோம்.

எழுந்து போய்ப் படுத்தேன். அதற்குப் பிறகு சில நாள் வீட்டில் உண்மையான அமைதி நிலவியது. அவரும் லைப்ரரிக்குப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை

செவ்வாய் மத்தியானம் அவர் பல் டொக்டரிடம் போயிருந்த நேரம், நான் காலில் நல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிங்ஸ் எல்போவுக்கு நடந்தேன். வேகமாக, நிமிர்ந்து, ஊரே பார்க்கட்டும் என்று நடந்தேன்.

உள்ளே மோரீன் மட்டும்தான். கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். நாய் தூங்கியது. உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சத்திரசிகிச்சை பொய். சமையல், துவையல் எல்லாம் நான்தான்.

"தெரியும்," என்றாள் மோரீன்.

"என்ன தெரியும்?"

"நீ பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பதை இந்த ஜன்னலால் எத்தனை தடவை பார்த்திருப்பேன். அந்த ஓட்டம் என்னால் முடியாது."

"அப்படியென்றால் அந்தப் பூ?"

"மற்றவர்கள் நம்பினார்கள். ஆசையாகச் செய்தார்கள். நான் ஏன் கெடுக்க வேண்டும்?" கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இங்கே பகலில் வருகிற ஆண்கள் எல்லாருக்கும் வீட்டில் மனைவி நோயாளிதான், கண்ணே. ஒருத்தனுக்கு அவள் இரண்டு தடவை செத்தும் போயிருக்கிறாள்."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக்கூடாது என்ற உறுதியோடு போனவள்.

கதவு திறந்தது. யோகன். ஒரு கன்னம் இன்னும் விறைத்தபடி, வாய் கொஞ்சம் கோணி நின்றது. என்னைக் கண்டதும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"உள்ளே வா," என்றாள் மோரீன். "உன் மனைவிக்குச் சுகமாகிவிட்டது."

வந்தார். எனக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். நான் நாயைப் பார்த்தேன். அவரும் நாயைப் பார்த்தார். மோரீன் வேண்டுமென்றே அடுத்த அறைக்குப் போனாள்.

"என்ன குடிக்கிறீர்?" என்று கேட்டார் கடைசியில். கன்னம் விறைத்திருந்ததால் சொற்கள் வழுக்கின.

"என்னென்ன இருக்கு?"

அவர் என் பக்கம் திரும்பினார். கவுண்டரில் வரிசையாக நின்ற பியர்க் குழாய்களைக் காட்டினார். "இது கென்ட் பக்கத்துச் சாமான். முதல் வாய் கைக்கும், பயப்பிடாதையும், பிறகு ஒரு வாசம் வரும். இது அயர்லாந்துக்காரற்றை. பாக்கக் கறுப்புக் கோப்பி, மேலை நுரை மட்டும் பால் மாதிரி. உது பெடியள் குடிக்கிறது, உமக்குச் சரிவராது. அந்தக் கடைசிக் குழாய் இருக்கே, அதைப் பற்றி ஒரு பெரிய கதை இருக்கு, அது என்னண்டா..."

கை அசைந்தது, புருவம் ஏறி இறங்கியது. மோரீன் திரும்பி வந்து நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஒவ்வொரு குழாயையும் ஒரு ஊரோடும் ஒரு மனிதரோடும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முதல்லையிருந்து சொல்லுங்கோ," என்றேன்.